பனியின் வெள்ளைக்கு மாமா சொன்ன தீர்ப்பு

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்கள் மூன்றும் அடங்கிய, 4கே என்னும் மிகத் தெளிவான பட வடிவ வட்டுப் பெட்டி 2020 டிசம்பர் 1ஆம் தேதி வெளிவந்தது. அவிநாசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. வந்த பிறகு மூன்று சனிக்கிழமை இரவுகளில், வாரத்துக்கு ஒரு படம் என்று போட்டுப் பார்த்தோம். பார்த்தவர்கள் நான், என் அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை மகள், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் முப்பது ஆண்டுகளாக ஷேடு, அதாவது துணியின் நிறம் சரியா என்று பார்த்துவரும் என் தாய்மாமன், சத்தியமங்கலம் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுப் பெரியவர் ஆகிய ஐந்து பேர். என் கண்ணைவிடத் தேர்ந்த கண்கள் அந்த அறையில் இருந்ததால், இந்த மதிப்புரையில் என் கருத்தைவிட அவர்கள் கருத்தே அதிகம் இருக்கும்.

பெட்டிக்குள் ஒன்பது வட்டுகள் இருக்கின்றன. திரையரங்கில் ஓடிய வடிவம் படத்துக்கு ஒரு வட்டு வீதம் மூன்றிலும், நீட்டிக்கப்பட்ட வடிவம் படத்துக்கு இரண்டு வீதம் ஆறிலும் அடங்கியுள்ளன. திரையரங்க வடிவங்கள் 178, 179, 201 நிமிடங்கள் ஓடுகின்றன; நீட்டிக்கப்பட்டவை 228, 235, 263 நிமிடங்கள். இந்த இரண்டாவது கணக்கில், கடைசியில் எறும்புச் சாரிபோல ஏறிக்கொண்டே போகும் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. ரசிகர் மன்றத்துக்கு இவ்வளவு மரியாதை செய்த படத்தை நம் ஊரில்கூட நான் பார்த்ததில்லை.

முதல் சண்டை நிறத்தில்தான் தொடங்கியது. 2011இல் வந்த புளூரே பதிப்பில் முதல் படமான ‘ஃபெல்லோஷிப் ஆஃப் தி ரிங்’ முழுவதிலும் ஒரு பச்சைச் சாயல் படிந்திருப்பதாக உலகெங்கும் பார்வையாளர்கள் குறைப்பட்டார்கள். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் விரும்பிச் செய்த நிறத்திருத்தம்தான் அது என்று வெளியீட்டாளர் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அந்தப் பழைய வட்டு நண்பர் ஒருவரிடம் இருந்ததால் அதையும் இரவல் வாங்கிவந்து, மோதிரத்தை அழிக்கக் கிளம்பிய ஒன்பது பேரும் பனிமலை ஏறும் அதே காட்சியை இரண்டு வட்டுகளிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். மாமா திரைக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்றுகொண்டார். திருப்பூரில் வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது. மில்க் ஒயிட், ஸ்னோ ஒயிட், ஆஃப் ஒயிட் என்று பிரித்துக்கொண்டே போவார்கள், அதில் ஒன்று இம்மி பிசகினாலும் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். பழைய வட்டின் பனியைப் பார்த்த மாமா, “மாப்ள, இது வெள்ளையே இல்ல, பச்ச அடிக்குது. இந்த லாட்ட நான் பாஸ் பண்ண மாட்டேன்” என்றார். புதிய வட்டைப் போட்டதும் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, இது நீலத்தின் பக்கம் ஒரு நூல் சாய்ந்த வெள்ளை, குளிருக்கு அது பொருத்தம் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொடுக்குமுன் அவர் என்னை ஒரு வேலை செய்ய வைத்தார். எங்கள் தொலைக்காட்சி, கடையில் எப்படி இருந்ததோ அதே பளபளப்பு அமைப்பில் இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தது. “எந்த லைட்டுல பாக்கறம்னு தெரியாம ஷேடு சொல்லக் கூடாது” என்பது அவர் தொழில் விதி. சாயப்பட்டறையில் துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து, டி65 என்னும் பகல்வெளிச்ச விளக்கில் ஒருமுறையும், டிஎல்84 என்னும் கடைவெளிச்ச விளக்கில் ஒருமுறையும் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுப்பார்கள். திரைப்பட வட்டுகளுக்கும் வெள்ளை என்பதன் அளவுகோல் அதே டி65தான் என்று நான் சொன்னபோது, இத்தனை நாள் சினிமாக்காரர்கள் தன் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுபோல் அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. தொலைக்காட்சியை ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இந்தப் பெட்டியின் நிறத்தைக் குறை சொல்லுமுன் எவரும் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான்.

டால்பி விஷன் என்னும் ஒளித் தொழில்நுட்பம் இருப்பதால் இருட்டும் வெளிச்சமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. மோரியாச் சுரங்கத்தில் தூண்கள் நிறைந்த மண்டபம் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வரும் காட்சியில், பழைய டிவிடியில் வெறும் கறுப்பாகக் கிடந்த மேற்கூரை இப்போது கல் கல்லாகத் தெரிகிறது. நெருப்புப் பூதத்தின் சாட்டை கண் கூசும் அளவுக்கு எரிகிறது. அதன் பின்னாலிருக்கும் புகைக்குள்ளும் வடிவம் இருக்கிறது. இணையத்தில் பார்க்கும்போது இத்தகைய இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்துப் பழகிய என் மருமகள்கூட இதை ஒப்புக்கொண்டாள்.

முகங்களைப் பற்றித்தான் எதிர்வீட்டுப் பெரியவருக்கு மனத்தாங்கல். இந்தப் படங்கள் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. 4கே பதிப்புக்காக மூலச் சுருள்களை மீண்டும் 4கே அளவில் பதிவுசெய்தார்கள். அந்தக் காலத்தில் அதைவிடக் குறைந்த 2கே அளவிலேயே செய்து முடித்த கணினி வரைகலைக் காட்சிகளைப் பெரிதாக்கிச் சேர்த்தார்கள். பின்னாளில் டிஜிட்டல் கேமராவில் எடுத்த முன்கதையான ஹாபிட் படங்களோடு சேர்ந்து ஆறு படங்களும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பது இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் விருப்பமாக இருந்தது. அதற்காக ஃபிலிமுக்கே உரிய மணல்மணலான அசைவைப் பெருமளவு துடைத்திருக்கிறார்கள். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய பெரியவருக்கு அந்த மணல்தான் சினிமா. “ஏனுங்க தம்பி, கல்யாண ஆல்பத்துல ஸ்டுடியோக்காரன் பொண்ணு மூஞ்சிய டச்சப் பண்ணி வழிச்சு வெப்பானே, அப்படியில்லீங்க இருக்குது” என்றார். முதலில் எனக்கு அது மிகையாகப் பட்டது. பிறகு மோதிரத்தைச் சுமக்கும் நாயகன் ஃப்ரோடோவின் முகம் திரையை நிறைக்கும் இடங்களில் நிறுத்திப் பார்த்தேன். இமைமயிர் தனித்தனியாகத் தெரிய, அதன் கீழே கன்னம் மட்டும் வழுவழுவென்று மாவு பூசியதுபோல் இருந்தது. முதியவர் பில்போவின் சுருக்கங்கள் பிழைத்துவிட்டன, இளையவர்களின் தோல்தான் பலியாகிவிட்டது. எல்லாக் காட்சிகளிலும் இப்படி இல்லை. கண்டுபிடித்த பிறகு கண் அதையே தேடுகிறது என்பதுதான் தொல்லை.

மாமா இதற்கு உடன்படவில்லை. அவருக்கு முகத்தைவிடத் துணி முக்கியம். மேலங்கிகளின் நெசவு, மந்திரவாதி கந்தால்ஃபின் சாம்பல் நிற அங்கியின் நைந்த ஓரம், இரண்டாம் படத்தில் அவர் வெள்ளை உடுத்தி வரும்போது அந்த வெள்ளைக்குள்ளேயே தெரியும் மடிப்பு நிழல்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இழை எண்ணலாம் போலிருக்கிறது என்று அவர் வியந்ததும் உண்மை. மூன்றாம் படம் பெற்ற பதினோரு ஆஸ்கர் விருதுகளில் உடையலங்காரத்துக்கும் ஒன்று உண்டு என்று சொன்னேன். அதற்கே எல்லாவற்றையும் கொடுத்திருக்கலாம் என்றார்.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்தது. அதுவும் மந்திரம் சொன்னால் திறக்கும் குகையின் கதைதான். என்னிடம் இருக்கும் அதன் வட்டில் நிறமெல்லாம் செங்கல் நிறமாக மங்கிக் கிடக்க, பாட்டு நடக்கும்போது வட்டுப் போட்ட நிறுவனத்தின் முத்திரை எம்.ஜி.ஆர். தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஃபிலிம் மணல் துடைக்கப்பட்டதா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்கு அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. நமக்கு முத்திரை இல்லாமல் ஒரு வட்டு வந்தாலே போதும் என்றிருக்கிறது.

ஒலியைப் பற்றி எவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. டால்பி அட்மாஸ் என்னும் சுற்றொலியை முழுமையாகக் கேட்க, கூரையிலும் ஒலிபெருக்கி வேண்டும். எங்களிடம் இருப்பது கூரை ஒலிபெருக்கி இல்லாத சாதாரண 5.1 அமைப்புதான், அதிலேயே வீடு அதிர்ந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது போர்ச்சத்தம் அன்று. பில்போ வீட்டை விட்டுக் கிளம்பும் முன் உள்ளங்கையைச் சாய்க்க, மோதிரம் துள்ளாமல் உருளாமல் தரையில் ‘தொம்’மென்று விழும் அந்த ஒற்றைச் சத்தம், அம்மிக்குழவியைக் கீழே வைத்ததுபோல் அவ்வளவு கனமாக இருந்தது. அந்தச் சின்ன மோதிரத்தை எல்லோரும் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வசனமும் சொல்லவில்லை.

நீட்டிக்கப்பட்ட வடிவம் வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே விடைதான் கிடைத்தது, அதுவும் நான் எதிர்பாராத இடத்திலிருந்து. அம்மா சிறு வயதில் ஊர்க் கோயிலில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணமார் கதையை இரவு இரவாக உட்கார்ந்து கேட்டவர். நாலு மணி நேரப் படம் அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் குறை வேறு: இந்தப் பெட்டியில் தமிழ் ஒலியும் இல்லை, தமிழ் எழுத்தும் இல்லை. மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றாம் படத்தில், நடக்க முடியாமல் விழுந்துவிட்ட ஃப்ரோடோவை அவன் தோழன் சாம் தோளில் தூக்கிக்கொண்டு எரிமலை ஏறும்போது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவன் நம்ம சாம்புகனாட்டம் இருக்கறானே கண்ணு” என்றார். அண்ணமார் கதையில் பொன்னர் சங்கருக்கு நிழலாக நின்ற சாம்புகனைத்தான் சொன்னார். “அம்மிச்சி, பேரே சாம்தான்” என்று மருமகள் சொல்ல, அதன் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் இல்லை.

கூடுதல் காட்சிகளில் மருமகளுக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. மூன்றாம் படத்தின் திரையரங்க வடிவத்தில் கெட்ட மந்திரவாதி சாருமானின் முடிவு காட்டப்படவே இல்லை. அவ்வளவு பெரிய வில்லன் என்ன ஆனான் என்று சொல்லாமல் விடுவது நியாயமா என்பது அவள் கேள்வி, நீட்டிக்கப்பட்ட வடிவம் அதற்கு விடை தருகிறது. இரண்டாம் படத்தில் போரோமிர், ஃபாராமிர் சகோதரர்களும் அவர்கள் தந்தையும் வரும் பழைய நினைவுக்காட்சி மற்றொன்று. அது இல்லாவிட்டால் மூன்றாம் படத்தில் அந்தத் தந்தை இளைய மகனிடம் நடந்துகொள்ளும் விதம் வெறும் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். முதல் படத்தில் சேர்த்தவற்றில் சில, குறிப்பாகத் தொடக்கத்தில் ஃப்ரோடோவின் இனமான ஹாபிட்டுகளின் ஊரைப் பற்றிய விவரணை, எனக்கு இனிமையாகவும் அவளுக்குச் சலிப்பாகவும் இருந்தன.

வட்டு மாற்ற எழ வேண்டியிருக்கிறதே என்று சிலர் குறை சொல்லக்கூடும். இடைவேளை இல்லாத படம் நமக்குப் படமா? முதல் படத்தில், எல்ரோண்டின் சபையில் ஒன்பது பேர் கூட்டணி அமைந்து, நாம் எங்கே போகிறோம் என்று ஒருவன் அப்பாவியாகக் கேட்கும் இடத்தில் முதல் வட்டு முடிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, திரையின் வலது மூலையில் புள்ளி விழுவதைக் கண்கொட்டாமல் பார்த்திருந்து சுருள் மாற்றிய பெரியவர், இதைவிட நல்ல இடத்தில் எவனாலும் இடைவேளை விட முடியாது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் காப்பிக்கு எழுந்தார்.

பெட்டியின் பெருங்குறை, படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாதது. 2002இல் வந்த முதல் படத்தின் நீட்டிக்கப்பட்ட டிவிடித் தொகுப்பில் நான்கு வட்டுகள். அவற்றில் இரண்டு முழுக்கப் படம் உருவான கதை. பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொன்றாகக் கையால் கோத்துப் போர்ச்சட்டை செய்ததை அந்தத் தொகுப்பில்தான் மாமாவுக்குக் காட்டினேன். பீஸ் ரேட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று உடனே கேட்டார். புதிய பெட்டியில் இந்த ஆவணப்படங்களும் இல்லை, இயக்குநரும் நடிகர்களும் படத்தோடு பேசிக்கொண்டே வரும் ஒலித்தடங்களும் இல்லை. பழைய தொகுப்பை வைத்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

வாங்குவோருக்கு இரண்டு நடைமுறைச் செய்திகள். டிவிடிகளுக்கு மண்டலக் குறியீடு உண்டு, இந்தியா ஐந்தாம் மண்டலம். அமெரிக்காவில் வாங்கிய டிவிடி இங்கே முரண்டு பிடிப்பது அதனால்தான். 4கே வட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை, எந்த நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தாலும் ஓடும். ஆனால் சாதாரண புளூரே இயந்திரத்தில் ஓடாது, அதற்கென்று 4கே இயந்திரம் தனியாக வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்காமல் பெட்டியை மட்டும் வாங்கிவந்து அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு உண்டு.

இன்னொன்று, வந்த அன்றே ஒன்பது வட்டுகளையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எனக்கு வந்த பெட்டியில் ஒரு வட்டு பிடியிலிருந்து கழன்று உள்ளே உருண்டிருந்தது. இரண்டாம் படமான ‘டூ டவர்ஸ்’ நீட்டிக்கப்பட்ட வடிவத்தின் இரண்டாம் வட்டு அது. நான் பிரித்துப் பார்க்காமல் இரண்டாம் சனிக்கிழமை வரை வைத்திருந்ததால் திருப்பி எடுக்கும் கெடு தாண்டிவிட்டது, விற்றவர் கையை விரித்துவிட்டார். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சுவரில் ஏணிகள் சாயும் நேரத்தில் படம் உறைந்து நிற்கிறது. அரை நிமிடம் முன்னோக்கித் தள்ளினால் மீண்டும் ஓடுகிறது. அந்த அரை நிமிடத்தில் கோட்டையில் என்ன நடந்தது என்பதை, திரையரங்க வடிவ வட்டைப் போட்டு அம்மாவுக்குத் தனியாகக் காட்ட வேண்டியிருந்தது.