படிவம் 8: பி.எல்.ஓ. கையிலா, கைபேசியிலா?

தங்கச்சிமடத்திலிருந்து மண்டபத்துக்கு வீடு மாறியவருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் பிழையாக உள்ளவருக்கும் படிவம் 8தான். எப்படிக் கொடுப்பது: காகிதத்தில் எழுதி பி.எல்.ஓ.விடமா (வாக்குச்சாவடி நிலை அலுவலர்), கைபேசியில் இணையம் வழியாகவா?

செலவு: இரண்டுமே இலவசம். கணினி மையத்தில் கேட்கும் காசு தனி.

வசதி: மீன்பிடித்துக் கரை திரும்பியபின் நடுராத்திரியிலும் கைபேசியில் போடலாம். பி.எல்.ஓ. வரும் நேரம் நீங்கள் கடலில் இருப்பீர்கள்.

பிழை: இங்கேதான் உஷார். இணையப் படிவம் தமிழ்ப் பெயரைத் தானாக நிரப்பும். ‘அந்தோணி’ ‘அந்தொனி’ ஆகிவிடும், எழுத்தெழுத்தாகப் பாருங்கள். காகிதத்தில் நீங்களே தமிழில் எழுதலாம்.

அத்தாட்சி: இணையத்தில் குறிப்பு எண் வரும். காகிதத்துக்கு ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

எப்படிக் கொடுத்தாலும் பி.எல்.ஓ. விசாரிக்க வருவார், வீட்டில் சொல்லிவையுங்கள்.

முகவரி மாற்றத்துக்குக் கைபேசியே போதும். பெயர்த் திருத்தத்துக்கு என் ஓட்டு காகிதத்துக்கு. இறந்தவர் பெயரை நீக்க வேண்டுமா? அது படிவம் 7, சான்றிதழோடு பி.எல்.ஓ.விடமே கொடுங்கள்.