குட்டை ஐரிஸ்: கோவைத் தொட்டிக்கு ஒன்று, உதகைக்கு வேறொன்று

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிக் காலையில் எங்கள் அம்மாயி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, காகித உறையில் இருந்த கிழங்குகளைச் சின்ன வெங்காயம் என்று எடுத்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டார். நல்லவேளையாக உரிக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. "வெங்காயத்துக்கு யார் பன்னாடை சுற்றினார்கள்?" என்று கேட்டார். அவை நான் வாங்கிவைத்திருந்த குட்டை ஐரிஸ் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் கிழங்குகள். ஐரிஸ் கிழங்கு வயிற்றுக்குள் போனால் வாந்தியும் பேதியும்தான். அன்றைய சாம்பார் தப்பித்தது.

அந்தக் கேள்விக்குள்தான் அடையாளம் காணும் வித்தை இருக்கிறது. குட்டை ஐரிஸ்களில் முக்கியமான ஐரிஸ் ரெட்டிகுலாட்டா என்ற பெயரில் உள்ள லத்தீன் சொல்லுக்கு வலைபோன்றது என்று பொருள். கிழங்கின் மேல்தோல் தென்னம்பன்னாடையைப் போல நார்நாராகக் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும். வெங்காயச் சருகுபோல வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் பூக்கடைகளுக்காக வளர்க்கும் நெட்டையான டச்சு ஐரிஸ். கிழங்கின் அடியில் தண்ணீர்விட்டான் கிழங்குபோலத் தடித்த வேர்கள் தொங்கினால் அது ஜூனோ என்ற வேறொரு ஐரிஸ் வகை. வேர் ஒடிந்தால் செடி நோஞ்சானாகிவிடும், மெல்லக் கையாள வேண்டும். இணையத்தில் நான் வாங்கிய முதல் பொட்டலத்தில் பத்துக்கு மூன்று டச்சு ஐரிஸாக இருந்தன. விற்றவர் பதிலே சொல்லவில்லை.

இலை வந்த பிறகு குழப்பம் இன்னும் குறையும். ரெட்டிகுலாட்டா இலையை விரல்களுக்கு நடுவே உருட்டினால் நான்கு விளிம்புகள் தட்டுப்படும். குறுக்கே நறுக்கினால் சதுரம். பேக்கரியானா என்ற நெருங்கிய உறவுக்கு மட்டும் எட்டு வரிகள். ஜூனோவின் இலை மக்காச்சோளத் தோகைபோல வாய்க்காலாகக் குழிந்து இருபுறமும் மாறிமாறி அடுக்கியிருக்கும். உடுமலைப் பக்கத்துக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இனி ஆளுக்கு ஆள் ஒப்பிடலாம். முதலில் மஞ்சள் பூ பூக்கும் டான்ஃபோர்டியே. துருக்கி மலைகளில் 1876இல் இதைச் சேகரித்த திருமதி டான்ஃபோர்டின் பெயரால் வழங்குகிறது. மற்ற ஐரிஸ்களில் நிமிர்ந்து நிற்கும் மூன்று இதழ்கள் இதில் வெறும் முள்மயிராகச் சுருங்கிவிட்டன. காட்டிலோ தொட்டியிலோ இதை வைத்தே சொல்லிவிடலாம். விலையும் குறைவு. ஆனால் ஒருமுறை பூத்ததும் கிழங்கு உடைந்து நொய்யாகப் போய்விடும். சித்திரையில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது பச்சைப்பயறு அளவில் இருபது முப்பது குஞ்சுகள் கிடந்தன. அவை பூக்கும் பருவத்துக்கு வர ஆண்டுகள் ஆகும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் நட்டால் உடைவது குறையும் என்பது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் அனுபவம். நமக்கு இதில் காசுதான் வீண்.

அடுத்து ரெட்டிகுலாட்டாவும் அதன் கலப்புகளும். துருக்கியின் கிழக்கிலிருந்து காக்கசஸ், ஈராக், ஈரான் மலைச் சரிவுகள்வரை பனி உருகும் ஓரங்களில் பூப்பது. சாணுக்கும் குறைந்த உயரத்தில் ஊதாப் பூ, தொங்கும் இதழில் மஞ்சள் கோடு. தண்டு என்று நாம் நினைப்பது தண்டே அல்ல, பூவின் குழாய். சூல்பை மண்ணுக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும், காயும் தரையோடுதான் பிடிக்கும். இதையும் ஹிஸ்ட்ரியாய்டிஸ் என்ற இன்னொரு குட்டை ஐரிஸையும் சேர்த்து உருவாக்கிய 'ஹார்மனி' என்ற நீல வகை கிழங்கு தடித்தது, பூவும் பெரியது. கோவையில் என் கையில் ஒழுங்காகப் பூத்தது இது ஒன்றுதான்.

மூன்றாவது 'கேத்தரின் ஹாட்ஜ்கின்'. வெளிறிய நீலத்தில் மஞ்சள் தெளித்து, நரம்பு நரம்பாக மைக்கோடு இழுத்தாற்போன்ற பூ. அழகு என்று சிலர், வெளுத்துப்போன புடவை என்று என் மனைவி. இதன் தாய் தந்தையரில் ஒன்று ஹிஸ்ட்ரியாய்டிஸ், மற்றொன்று ஜார்ஜியாவின் லோமிஸ் மலையில் அருகிப்போய்க் கொண்டிருக்கும் வினோகிராடோவியை. இந்தப் பிறப்பு ஏன் முக்கியம் என்றால், வினோகிராடோவியை கோடையிலும் முழுக்கக் காய்வதை விரும்பாத செடி. அந்தக் குணம் கலப்பிலும் ஓரளவு இறங்கியிருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு இங்கேதான் வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று உழவர்கள் சொல்வது இந்தக் கிழங்குக்கும் பொருந்தும். எந்த மாதத்தில் எது என்பதில்தான் வழக்கு. ரெட்டிகுலாட்டாவுக்குக் குளிர்காலத்தில் ஈரமும் கடுங்குளிரும் வேண்டும், கோடை முழுக்க எலும்பு காய்வதுபோல் காய வேண்டும். உதகை 2240 மீட்டர் உயரம், மார்கழி, தையில் உறைபனி விழும், குளிருக்குக் குறையில்லை. ஆனால் கிழங்கு தூங்கவேண்டிய ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டி அதை அழுகவைத்துவிடும். கோவைச் சமவெளிக்கு அந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் மிகுதி, மழை குறைவு, காய்ச்சல் கிடைக்கிறது. குளிர்தான் இல்லை, தை மாத இரவிலும் பதினெட்டு டிகிரி. மலையில் இருப்பது இங்கே இல்லை, இங்கே இருப்பது மலையில் இல்லை.

இல்லாத குளிரை நாம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கடன் வாங்கலாம். அதிலும் இரண்டு வழிகள். முதல் ஆண்டு கிழங்கை வெறும் காகித உறையில் வைத்துக் குளிரூட்டி, மார்கழியில் நட்டேன். இலை வந்தது, மொட்டு உள்ளேயே கருகியது. இரண்டாம் ஆண்டு ஆறங்குலத் தொட்டியில் நட்டு, ஒருமுறை நீர்விட்டு, தொட்டியோடு காய்கறி அடுக்கில் வைத்தேன். குளிரிலேயே வேர் ஓட வேண்டும்; வித்தியாசம் அதுதான். பதின்மூன்று, பதினான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் வீட்டில் குவியும் ஆப்பிளை அந்தப் பெட்டிக்குள் விடக்கூடாது; பழுக்கும் பழம் விடும் எத்திலீன் மொட்டைக் கொல்லும். பெரிய போராட்டம் அதுதான். தை பிறந்ததும் முளை மூன்று சென்டிமீட்டர் இருக்கும்போது வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மாற்றினேன். பன்னிரண்டாம் நாள் விடியலில் 'ஹார்மனி' விரிந்திருந்தது. மூன்று நாள் நின்றது. குனிந்து முகர்ந்தால் மட்டும் தெரியும் மணம்.

மண் கலவையில் ஒரு எச்சரிக்கை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவு மலிவு என்று எல்லாத் தொட்டியிலும் அதைக் கொட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இந்தக் கிழங்குக்கு அது எமன். செம்மண்ணும் பருமணலும் பாதிப்பாதி போதும். சுக்கான் கல் கலந்த மண்ணானாலும் கவலையில்லை. வாங்கும்போது தோலில் மை கொட்டினாற்போலக் கறுப்புத் திட்டு இருந்தால் அது பூஞ்சை நோய். ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும், தூக்கி எறியுங்கள்.

பூத்த பிறகு? இலை ஓரடிக்கும் மேல் நீண்டு, குளிர்ந்த வெயிலில் இரண்டு மூன்று மாதம் நின்றால்தான் அடுத்த ஆண்டுக் கிழங்கு பருக்கும். எங்கள் ஊரில் மாசி பிறந்தாலே வெயில் சுடத் தொடங்கி, பங்குனிக்குள் இலை காய்ந்துவிடுகிறது. ஆகவே சமவெளியில் 'ஹார்மனி' ஒருபோகப் பயிர். அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டும். உதகையில் இருக்கும் அத்தை மகனுக்கு நான் கொடுத்தது 'கேத்தரின் ஹாட்ஜ்கின்'. ஆனியில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவைத்தார், அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டும் பூத்தது, ஒன்று இரண்டாகியிருக்கிறது. கோத்தகிரிக்காரர்களுக்குத் தொட்டபெட்டா மறைப்பால் தென்மேற்கு மழை குறைவு. அவர்கள் நிலத்திலேயே முயன்று பார்க்கலாம்.

தொட்டியும் பெட்டியும் வேண்டாம், தரையில் நட்டுவிட்டு மறந்துவிட வேண்டும் என்பவருக்கு ஐரிஸே வேண்டாம் என்பேன். மழை அல்லி நடுங்கள். காடு காய்ந்து கிடக்கும்போது கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது, கோடை மழை ஒன்று இறங்கினால் சில நாளில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக வரப்போரம் நிற்கிறது. ஐரிஸ் செத்த தொட்டியில் அம்மாயி ஊன்றியதும் அதுதான். அதற்காக இதுவரை யாரும் ஆப்பிளை வெளியே எடுத்துவைக்கவில்லை.