போலந்தில் சம்பளம் பற்றவில்லை என்றால்: ஓவர்டைமா, இரண்டாவது வேலையா?
2025-இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4666 ஸ்வாட்டி. பிடித்தம் போகக் கையில் வருவது சுமார் 3500, வார்சாவில் தனி வீட்டு வாடகை கொடுத்தால் பாதிக்கு மேல் காலி.

ஓவர்டைமுக்குச் சட்டப்படி 50 சதவீதம் கூடுதல், இரவென்றால் 100. ஆனால் வருடத்துக்குப் பொதுவாக 150 மணி நேரம்தான், அதுவும் முதலாளிக்குத் தேவைப்பட்டால்தான் கொடுப்பார்.

'ஸ்லெட்செனியே' (முழு வேலை ஒப்பந்தம் இல்லாமல், குறிப்பிட்ட பணிக்காகப் போடும்) ஒப்பந்தத்தில் வேறொருவரிடம் இரண்டாவது வேலைக்குப் போனால் மணிக்கு 30.50 ஸ்வாட்டிக்குக் (2025 நிலவரம்) குறையாது, முதல் வேலையிலேயே குறைந்தபட்சச் சம்பளம் வருகிறதென்றால் இதில் ஓய்வூதியப் பிடித்தம் கட்டாயமில்லை, வரியும் மருத்துவக் காப்பீடும் மட்டும்தான் போகும், அதனால்தான் பகலில் கடையில் பில் போட்டவர் இரவில் ஆபீஸ் தரை துடைக்கப் போகிறார். சரி, காய்ச்சலில் படுத்தால்? அந்த வேலைக்குக் காசில்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை, தானாகச் சந்தா கட்டியிருந்தால் தவிர வயதான காலத்துப் பென்ஷனிலும் அந்த உழைப்பு சேராது. ஓவர்டைம் கிடைக்கிறவரை அதை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.