வெலிங்டன் பரேடுக்கு வண்டி பிடிக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ரூ.17,500. ஒரு வண்டி ஏஜென்ட் எங்களிடம் பிடுங்கிய பணம் இது. என் அக்கா பால் ஊற்றிச் சேர்த்த காசு. இன்னும் கை நடுங்குகிறது, அதனால் முன்னே பின்னே எழுதினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் அக்னிவீரராகத் தேர்வாகி, நீலகிரியில் குன்னூர் பக்கம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற ராணுவப் பயிற்சி மையத்தில் 31 வாரப் பயிற்சி முடித்தான். பயிற்சி முடித்தவர்கள் சத்தியம் எடுக்கும் பாசிங் அவுட் பரேடுக்கு வீட்டார் வரலாம் என்று தகவல் வந்ததும் திருமங்கலத்தில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. "மாமா, காலையில ஏழு மணிக்குள்ள உள்ள வந்து உட்கார்ந்திரணும். எல்லார் ஆதாரும் ஒரிஜினல் கையில இருக்கட்டும்" என்று மருமகன் போனில் படித்துப் படித்துச் சொன்னான். அக்கா, அத்தான், எங்கள் அம்மா, பிள்ளைகள் எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர். அம்மாவுக்கு 73 வயது, முழங்கால் வலி, பஸ் மாறி ஏற முடியாது. அதனால் டெம்போ டிராவலர் பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

ஊருக்கு ஊர் வாடகை வண்டி பிடித்துத் தரும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். அதில் முன்பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய் கட்டியதும் பத்து நிமிடத்தில் ஒருவர் கூப்பிட்டார். எதற்குப் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். அந்த இடத்தில்தான் அவர் குரல் மாறியது. "அண்ணே, எங்கப்பாவும் பட்டாளத்துல இருந்தவருதான். பிள்ளை சத்தியம் எடுக்கறதைப் பார்க்கப் போறீங்க, உங்ககிட்ட நான் லாபம் பார்க்கக் கூடாது" என்றார். மலைக்கு ஏறும் வண்டி, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்து 18,000 ஆகும், உங்களுக்காக 500 குறைக்கிறேன், ஆனால் மீதி 16,500-ஐ இணையதளத்தில் கட்டாமல் எனக்கே நேராகக் கட்டுங்கள், கமிஷன் மிச்சமாகும் என்றார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பட்டாளத்துக்காரர் பிள்ளைடா, ஏமாத்த மாட்டான்" என்றாள். ஸ்கேன் செய்தபோது திரையில் வேறு ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "என் சம்சாரம் பேருதாண்ணே" என்றார். அதையும் நம்பினேன். மொத்தம் 17,500 போய்விட்டது.

வண்டி எண் அனுப்பினார். நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கிறது, காசு கிடையாது, வண்டி எண்ணைப் போட்டு நாமே எடுத்துக்கொள்ளலாம். அன்று மாலையே எடுத்து வைத்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வர வேண்டிய வண்டி. பத்து மணிக்கு "கப்பலூர் தாண்டிருச்சு" என்றார். பதினொரு மணிக்கும் அதே கப்பலூர். பன்னிரண்டேகாலுக்கு வந்தது டெம்போ டிராவலரே இல்லை. பழைய வேன் ஒன்று, நம்பர் பிளேட் வெள்ளை. அதாவது ஓன் போர்டு. வாடகைக்கு ஓடவே கூடாத வண்டி. எண்ணும் வேறு. டிரைவர் தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை, "சவாரி இருக்கு போன்னாங்க" என்றார். நடுராத்திரியில் அம்மாவைத் தெருவில் உட்கார வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏறினோம்.

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச் சாவடிக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். என்னிடம் இருந்த இ-பாஸில் இருந்த எண் ஒன்று, வண்டியின் எண் ஒன்று. ஓன் போர்டு வண்டியில் பதினோரு பேர் என்றதும் அடுத்த கேள்வி வந்தது. வாடகை எவ்வளவு கொடுத்தீர்கள்? பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் செய்தது சரி. அந்த ஏஜென்டுக்கு ஏழு முறை போன் அடித்தேன். எட்டாவது முறை சுவிட்ச் ஆஃப்.

வந்த அரசு பஸ்ஸில் நின்றுகொண்டே குன்னூர் போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மட்டும் மார்போடு அணைத்து வைத்திருந்தாள். பாண்டி கோயில் திருநீறு, காலண்டர் தாளில் மடித்து அந்தக் கைக்குள் இருந்தது.

நாங்கள் மைதானத்துக்குள் போனபோது மணி ஒன்பதே முக்கால். தேசியக் கொடிக்கு முன்னால் சத்தியம் எடுத்தது, அணிவகுத்துப் போனது எல்லாம் முடிந்திருந்தது. மற்ற வீட்டார் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையன் யூனிஃபார்மில் தனியாக நின்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அந்தத் தாளைப் பிரித்தபோது குனிந்து நெற்றியைக் காட்டினான். அப்புறம் அக்காவிடம் கேட்டான்: "கை தூக்கினப்ப உன்னைத் தேடினேன்மா. எந்த வரிசையில உட்கார்ந்திருந்த?" அக்கா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் அந்த இணையதளத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பிடித்தேன். "சார், எங்க கணக்குல உங்க 1,000 ரூபாய் மட்டும்தான் இருக்கு. வெளியில கட்டினதுக்கு நாங்க பொறுப்பில்ல." சரி, அந்த ஆளை உங்கள் தளத்தில் வைத்திருப்பது யார்? "புகார் பதிவு பண்ணிட்டோம், ஏழு வேலை நாள்." ஒரு மணி நேரத்தில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருகிறது. என்ன தீர்த்தார்கள்? ஏஜென்ட் வேறு எண்ணிலிருந்து ஒரே ஒரு தடவை எடுத்தார். "வண்டி அனுப்பினேன்ல அண்ணே? பாஸ் எடுக்கத் தெரியாதது உங்க தப்பு." அவ்வளவுதான், பிளாக். மதுரை மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஆபீஸ் என்று அனுப்பிய முகவரிக்கு நேற்று நேரிலேயே போனேன். அங்கே இருப்பது ஜெராக்ஸ் கடை. "இதோட நாலாவது ஆளு சார் நீங்க" என்றார் கடைக்காரர். நாலாவது ஆள்!

எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும் கேளுங்கள். தளத்துக்கு வெளியே பத்து ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஸ்கேன் செய்யும்போது வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மஞ்சள் போர்டு வண்டிதானா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வாசலுக்கு வந்த வண்டி வேறாக இருந்தால் ஏறாதீர்கள். முடிந்தால் முதல் நாளே குன்னூர் போய்த் தங்கிவிடுங்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். 17,500 ரூபாய்க்கு நுகர்வோர் நீதிமன்றம் போக வேண்டுமா என்று அத்தான் கேட்கிறார். போவேன். அந்த ஜெராக்ஸ் கடைக்கு எனக்கு முன்னால் போன மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தகவல் கொடுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.