இறால் ஆர்டர் குறைந்தால் யார் வேலை முதலில் போகும்?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமானது. நம் பண்ணை இறாலை அதிகம் வாங்கும் நாடு அதுதான். சம்பளம் அதிகமுள்ள வேலைதான் நிலைக்கும் என்று ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது.

இறால் உரிக்கும் ஷெட்டில் கிலோ கணக்கில் கூலி. விடியுமுன்னே தூக்குவாளியோடு வேனுக்குக் காத்திருக்கும் பெண்களை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை. "இன்னைக்கு லோடு இல்லக்கா, நாளைக்குக் கூப்புடுறோம்" என்று ஒரு போன் வரும். அந்த நாளை ஒரு மாதமாக இழுக்கும். வேலை போனதாக அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

அதே கம்பெனி மாடியில் கணக்கு எழுதுபவருக்கு மாதச் சம்பளம், பி.எஃப். ஆட்குறைப்பு வந்தால் ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் சட்டப்படி உண்டு. கீழே உரிப்பவருக்கும் இதே சட்டம்தான். ஆனால் ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்ததற்குப் பதிவு வேண்டும். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதன்மேல் லோடு வராத நாள்கள். பெயர் இருப்பதோ ஆள் அழைத்துவரும் ஏஜெண்டின் நோட்டில். எங்கிருந்து எட்டும் 240? கூலி குறைவு என்பதைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

விசைப்படகுக் கதை வேறு. கடல் இறாலை அமெரிக்கா 2019-இலேயே நிறுத்திவிட்டது, வலையில் ஆமை தப்பும் கருவி இல்லை என்று. ஆனாலும் பண்ணை இறால் உள்ளூரில் குவிந்தால் கரை ஏலமும் படுக்கும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த மிச்சத்தில்தான் படகில் போனவருக்குப் பங்கு. ஏல விலையோடு டீசல் இறங்குவதில்லை. ஆள் கடலுக்குப் போவார், கையில் ஒன்றும் மிஞ்சாது.

கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வளைகுடாச் சம்பளம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. ஆனால் விசா கம்பெனியோடு கட்டியது. 2009-இல் துபாய்க் கட்டடங்கள் பாதியில் நின்றபோதும், 2020 கொரோனாவிலும் வேலை போனவருக்கு அங்கே தங்கவும் வழியில்லாமல் போனது. அரசு வேலைக்காரருக்கு 2020-இல் அகவிலைப்படி உயர்வு நின்றது, ஆனால் வேலை நிலைத்தது.

ஷெட்டுக்குப் போகும் என் சித்தியிடம், கூலி கொஞ்சம் குறைந்தாலும் பி.எஃப். பிடிக்கும் இடமாகப் பாருங்கள் என்றேன். அதுவரை தேதியும் கிலோவும் தவறாமல் எழுதி வையுங்கள் என்றேன். மாதக் காலண்டரிலேயே பேனாவால் எழுதி வருகிறார். செப்டம்பர் தாளில் பாதிக் கட்டம் வெறுமையாக இருந்தது.