டைரக்டர்ஸ் வியூஃபைண்டர்: வாங்கலாமா?

லொகேஷன் பார்க்கப் போகும் இயக்குநர் கேமராவை வெளியே எடுக்காமலே ஃபிரேமை முடிவுசெய்ய உதவும் சிறிய குழல் இது. ஜூம் வளையத்தைத் திருகினால் எத்தனை மி.மீ. லென்ஸ் வேண்டும் என்று தெரிந்துவிடும். 1.78, 1.85, 2.39 போன்ற திரை விகிதங்களையும் (உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு என்பது) மாற்றிப் பார்க்கலாம்.

பெரும்பாலான சொதப்பல், கேமராவில் படம் பதியும் சென்சாரின் அளவை இதில் தவறாக வைப்பதால்தான். 35 மி.மீ. லென்ஸ், சூப்பர் 35 எனும் சற்றுச் சிறிய சென்சார் உள்ள சினிமா கேமராவில் கிடைமட்டமாகச் சுமார் 39 டிகிரி காட்டும். அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் அதே லென்ஸ் 54 டிகிரி. இதைக் கவனிக்காமல் குறித்த எண்ணை நம்பினால், படப்பிடிப்பு நாளில் போட்ட டிராலி தண்டவாளத்தையே பெயர்க்க வேண்டிவரும். 2 மடங்கு அனமார்ஃபிக் (காட்சியை அகலவாக்கில் பாதியாக அழுத்திப் பதியும் லென்ஸ்) என்றால் இன்னும் கவனம் தேவை: 50 மி.மீ. லென்ஸ், அகலத்தில் 25 மி.மீ. அளவுக்கு விரியும்.

கேமரா எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்ற இடத்தில் டேப் ஒட்டி, உயரத்தையும் மி.மீ. எண்ணையும் உடனே எழுதிவிடுங்கள். கழுத்தில் ஆடும்போது வளையம் நகர்ந்துவிடும்.

பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை இது காட்டாது. அதற்கு உண்மையான லென்ஸ்தான் வேண்டும். சூரியனை இதன் வழியாகப் பார்க்கவே கூடாது, கண் கெட்டுவிடும்.

கைபேசி செயலி மலிவு, ஃபிரேமைப் படமாகவும் சேமிக்கும். தொலைவு லென்ஸ்களில்தான் டிஜிட்டல் ஜூமால் படம் குழம்புகிறது. மல்டி கேமரா தொலைக்காட்சி செட் மட்டுமே உங்கள் வேலை என்றால் செயலியே போதும்.