மணலுக்கு ஒரு குடும்ப வண்டி: பஜேரோவா, பிராடோவா, பேட்ரோலா?

துபாய், ஷார்ஜா, அபுதாபி பக்கம் பிள்ளைகளோடு இருக்கும் நம் ஆட்கள் வெயில் தணிந்ததும் கேட்க ஆரம்பிக்கும் கேள்வி இது. ஏழு சீட் வேண்டும், வார நாளில் ஸ்கூலுக்கும் கடைக்கும் ஓட வேண்டும், சனி ஞாயிறில் ஃபாசில் ராக் பக்கமோ சுவைஹான் பக்கமோ மணலில் இறங்க வேண்டும், முடிந்தால் லிவா பாலைவனம் வரை போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர வேண்டும். செகண்ட் ஹேண்டில் இதற்கெல்லாம் சரிப்பட்டு வருபவை மூன்று: 2006இல் வந்த நான்காம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ, 2009இல் வந்த டொயோட்டா பிராடோ 150, 2010இல் அபுதாபியில் வைத்தே உலகுக்குக் காட்டிய நிசான் பேட்ரோல் ஒய்62.

ஜீப் ராங்ளர் எங்கே, டொயோட்டா எஃப்ஜே க்ரூசர் எங்கே என்பீர்கள். இரண்டும் மணலில் கில்லிதான், ஆனால் ஐந்து சீட்தான். எஃப்ஜேயில் முன்கதவைத் திறக்காமல் பின்கதவைத் திறக்கவே முடியாது, அதற்குள் சின்னப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு மேட்டின் சரிவில் வண்டி சாய்ந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். பழைய பேட்ரோல் ஒய்61, 4.8 லிட்டர் சூப்பர் சஃபாரி, அதைப் பற்றிப் பேசினால் இங்கே பாதிப் பேர் கண்கலங்குவார்கள். இருக்கட்டும், அது மணல் பைத்தியங்களின் வண்டி. பிள்ளைகளோடு 120இல் ஹைவேயில் வீடு திரும்ப வேண்டியவனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வண்டிகளுக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முடிவு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. மணலில் எதிரி எடை. டயர் மணலின் மேல் மிதக்க வேண்டும், தோண்டக் கூடாது. காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து தரையை அதிகம் தொடும், எடை பரவும், வண்டி மிதக்கும். கூடவே வேகத்தை விடாமல் ஏற வேண்டும், கனமான வண்டி ஒருமுறை வேகம் இழந்தால் மறுபடி எடுப்பதற்குள் அச்சு வரை புதைந்துவிடும். ஆனால் "டெசர்ட் பில்ட்" என்று சனையாவில், அதாவது ஒர்க்ஷாப்கள் நிறைந்த தொழிற்பேட்டையில், நமக்கு விற்கும் சாமான்களில் பெரும்பாலானவை எடையைக் கூட்டுபவை.

சரி, எண்களைப் பார்ப்போம். பிராடோவின் 4.0 வி6 தருவது 271 குதிரைத்திறன், 381 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பஜேரோ 3.8இல் கிட்டத்தட்ட 250 குதிரைத்திறன், 329 நியூட்டன் மீட்டர், ஆனால் அந்த விசை 2,750 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும், மணலில் இது பேப்பரில் தெரிவதைவிடப் பெரிய வசதி. பேட்ரோலின் 5.6 வி8க்கு 400 குதிரைத்திறன், 560 நியூட்டன் மீட்டர். அதே பேட்ரோலில் பின்னால் வந்த 4.0 வி6க்கு 275தான். அதாவது, பிராடோவின் எஞ்சின் தரும் அதே பலம், ஆனால் இழுக்க வேண்டியது நானூறு ஐந்நூறு கிலோ அதிகம். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வி6 பேட்ரோலை எடுத்து, ஏழு பேரை ஏற்றி, மேலே ரேக்கும் டென்ட்டும் கட்டுகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. பிராடோவிலும் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் ஒன்று உண்டு. ஊருக்குள் ஓட்ட நல்ல வண்டி. மணலுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பிராடோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமையும். தனிச் சேஸிஸ், பின்னால் முழு அச்சு, எப்போதும் நான்கு சக்கர ஓட்டம், முன் பின் அச்சுகளைச் சேர்த்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக், சில ட்ரிம்களில் (வகைகளில்) பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் பின் டிஃப் லாக்கும். மூன்றாம் வரிசை தரைக்குள் மடங்கிவிடும். சூட்டைத் தாங்கும், பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும், விற்கப் போனால் கேட்ட விலை வரும். குறை என்றால் அந்த விலைதான், ஏனென்றால் விற்கும்போது கிடைக்கும் அதே விலையை வாங்கும்போது நாமும் கொடுக்கிறோம். ஓடித் தேய்ந்த 4.0 பிராடோவின் விலையில், அதைவிடப் புதிய, குறைவாக ஓடிய பஜேரோவும் கிடைக்கும், டயர் சஸ்பென்ஷன் செலவுக்குக் காசும் மிஞ்சும். மணல் மட்டுமில்லாமல் ஓமான் மலைப்பாதை, வாடி (வறண்ட ஆற்றுப்படுகை), கல் என்று சுற்றுகிற குடும்பம் என்றால் பிராடோவுக்கே என் ஓட்டு. கல்லில் பின் அச்சு மடங்கி எழுந்து சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருக்கும், இந்த விஷயத்தில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வராது.

பஜேரோவை இங்கே பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். தனிச் சேஸிஸ் கிடையாது, சட்டத்தை பாடியோடு சேர்த்தே செய்தது, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ஆகவே "இது ஆஃப்ரோடு வண்டியா" என்று ஒரு கேள்வி. டக்கார் ராலியை 12 முறை ஜெயித்த பெயர் அது, 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு முறை. ராலிக்குப் போன வண்டி வேறு, நம் பார்க்கிங்கில் நிற்பது வேறு, அது தெரிந்ததுதான். ஆனாலும் மணலில் சக்கரம் மேலும் கீழும் ரொம்ப மடங்க வேண்டிய அவசியம் குறைவு. அலை அலையாக வரும் மணலை வேகத்தில் கடக்கும்போது தனித்தனி சஸ்பென்ஷன் பின்சீட்டைத் தூக்கிப் போடாது. தரைக்கு நெருக்கமான எடை, பக்கச் சரிவில் நிலைத்து நிற்கும். சூப்பர் செலக்ட் கியர் இருக்கிறதே, அது அந்த விலைக்கு ஆச்சரியமான ஒன்று: ஹைவேயில் 2எச் போட்டுப் பின்சக்கரத்தில் மட்டும் போகலாம், மழையில் 4எச், மணலில் இறங்கியதும் சென்டரைப் பூட்டும் 4எச்எல்சி, புதைகுழியில் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் 4எல்எல்சி.

குறைகளும் சொல்ல வேண்டும். முன் பம்பர் தாழ்வு, மேட்டிலிருந்து இறங்கி அடுத்த சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் மூக்கு மணலில் குத்தும், கீழ் உதடு பிய்ந்து தொங்கும். கியர் ஆயில் சூடேறும், மெதுவாக மென்மணலில் உழன்றால் ஏ/டி (ஆட்டோமேட்டிக் கியர்) எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும், அப்போது வண்டியை காற்று வரும் திசைக்கு நிறுத்தி ஐடிலில் விட வேண்டும். கியர் ஆயிலுக்குத் தனி கூலர் ஒன்று வைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் பிரச்சினை. இன்னொன்று, 2021இல் ஜப்பானில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வளைகுடாவில் ஓடிக்கொண்டிருக்கும் பஜேரோக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பார்ட்ஸ் பற்றி இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பேட்ரோல், அதுவும் வி8, மணலில் ராஜா என்று சொன்னால் மறுக்க மாட்டேன். மென்மையான ஏற்றத்தில் மற்ற இரண்டும் மூச்சு வாங்கும் இடத்தில் இது பேசிக்கொண்டே ஏறும். 140 லிட்டர் டேங்க், மற்றவற்றில் 88, 87 மட்டுமே. மூன்றாம் வரிசையில் வளர்ந்த பையன்கள் கால் நீட்டி உட்காரலாம், ஏசி காற்று அங்கே வரை வரும். மேல் ட்ரிம்களில் ஹைட்ராலிக் முறையில் பாடியைச் சாயாமல் பிடித்து வைக்கும் அமைப்பு உண்டு, வாந்தி எடுக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வரப்பிரசாதம். வண்டி வயதானால் அதிலிருந்தே ஆயில் கசியும், சரிசெய்யக் கேட்கும் தொகையில் நல்ல டயர் நான்கு வாங்கலாம். சஸ்பென்ஷனை உயர்த்துவதும் கஷ்டம். ஆகவே பழைய பேட்ரோல் எடுப்பதானால் சாதா ஷாக் உள்ள கீழ் ட்ரிம்மே நல்லது.

அதன் இன்னொரு சங்கடம் நீளம். வீல்பேஸ் பஜேரோவில் 2,780 மில்லிமீட்டர், பிராடோவில் 2,790, பேட்ரோலில் 3,075. கூர்மையான முகட்டில் தயங்கி நிறுத்தினால் பேட்ரோலின் வயிறு தட்டி, நான்கு சக்கரமும் காற்றில் தவிக்கும் சாத்தியம் அதிகம். இரண்டே முக்கால் டன் அருகில் வரும் வண்டியை வெளியே இழுக்க இன்னொரு கனமான வண்டி வேண்டும், பின்னால் வருகிற நண்பரின் சின்ன வண்டியால் அது நடக்காது. ஸ்டெப்னியும் அடிவயிற்றில். மணலில் புதைந்து, அதிலேயே டயரும் கழன்ற நேரத்தில் அதை உருவி எடுக்கும் வேலை இருக்கிறதே! பஜேரோவிலும் இங்கே விற்ற பல பிராடோக்களிலும் ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும்.

இனி வண்டிக்குச் செய்யும் வேலை. முதலில் டயர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். எம்டி டயர் பார்க்க மிரட்டலாக இருக்கும், சேற்றுக்கு நல்லது, மணலில் அதன் பற்கள் மண்வெட்டி வேலைதான் பார்க்கும், ஹைவேயில் காதும் வலிக்கும். வெறும் மணல் மட்டும் என்றால் கம்பெனி கொடுத்த ஹைவே டயரே போதும், காற்றை இறக்கினால் அழகாக மிதக்கும். இடையிடையே கல்லும் வாடியும் உண்டு என்றால் எல்லாத் தரைக்குமான ஏடி டயர். அளவு முக்கியம்: பெரிய ரிம்மில் பக்கச்சுவர் குறையும், காற்றை இறக்க இடம் இருக்காது. பேட்ரோலில் 265/70 ஆர்18க்கு பக்கச்சுவர் சுமார் 185 மில்லிமீட்டர், அதே வண்டியின் 275/60 ஆர்20க்கு 165தான். பிராடோ, பஜேரோவில் 17 ரிம்மில் 265/65 என்றால் 172, அதை 265/70 ஆக்கினால் அந்த 185 வந்துவிடும். ஐந்து வருடம் தாண்டிய டயர் பாசிங்கில் (வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும் சோதனையில்) தேறாது, ஆகவே வாங்கும்போதே தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள்.

காற்று 15 பிஎஸ்ஐயில் தொடங்கலாம், மென்மணலில் 12. பத்துக்குக் கீழே போனால் ஒரு கூர்மையான திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று விழும். பேட்டரியில் நேராக மாட்டும் இரட்டை மோட்டார் கம்ப்ரசர் வாங்குங்கள், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்னதை வைத்து நான்கு டயர் ஏற்றுவதற்குள் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

சஸ்பென்ஷனில் இரண்டு அங்குலம் உயர்த்துவது மூன்றுக்கும் போதும், அதற்கு மேல் வேண்டாம். பின்ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும், ஏழு பேரும் தண்ணீரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் உட்காரும், மூக்கு தூக்கும். இதற்கெல்லாம் முன் அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாசிங்கில் நிறுத்திவிடுவார்கள்.

ரூஃப் ரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே டென்ட், ஜெர்ரி கேன், ஸ்டெப்னி என்று ஏற்றி எடுக்கும் படம் அழகு. பக்கச் சரிவில் அந்த எடைதான் வண்டியை உருட்டும், உள்ளே உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள். பாரத்தைக் கீழே, பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள், கூட்டம் குறைவாகப் போகிற நாளில் மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். இரும்பு புல்பார் முன்சக்கரத்துக்கு மேல் எடை ஏற்றும், மணலில் அது செய்யும் நன்மை ஒன்றும் இல்லை. வின்ச்சும் அப்படித்தான், கொக்கி மாட்ட லிவாவில் மரத்துக்கு எங்கே போவது? ரப்பர் போல நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிறு, அதை வண்டியில் மாட்டக் கயிற்றாலான சாஃப்ட் ஷேக்கிள் இரண்டு, மண்வெட்டி, மணல் பலகை ஒரு ஜோடி, உயரமான கம்பில் கொடி. இவ்வளவுதான். ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, ஹை லிஃப்ட் ஜாக் வேண்டாம், மணலில் வழுக்கினால் கையை உடைக்கும். கயிறை எக்காரணம் கொண்டும் டோ பாலில் (ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில்) மாட்டாதீர்கள், இழுவையில் முறிந்து குண்டு மாதிரி பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சேஸிஸில் பிடித்த, எடை குறித்த கொக்கிதான் வேண்டும். பஜேரோ வாங்கியதும் அதில் இது எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது முதல் வேலை.

எனக்கு எது? பிள்ளைகள் பள்ளி வயதில், பட்ஜெட் நடுத்தரம், போகிற இடம் லஹ்பாப், பதாயர், ஃபாசில் ராக், எப்போதாவது லிவா என்றால் பஜேரோ 3.8. வாங்கிய விலைக்கும் பிராடோ விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் டயர், கூலர், ஷாக், கயிறு, கம்ப்ரசர் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாமியார் மாமனாரும் வருகிறார்கள், பெட்ரோல் பில்லைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டோம் என்றால் வி8 பேட்ரோல். இரண்டு மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறோம், விற்கும்போது நஷ்டப்படக் கூடாது என்றால் யோசிக்காமல் பிராடோ 4.0.

எதுவானாலும் வளைகுடாவுக்கென்றே செய்த ஜிசிசி ஸ்பெக்காகப் பாருங்கள். ஷார்ஜாவில் பேட்ரோல் என்று நினைத்து அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்மடாவை விலை பேசுகிறவர்கள் உண்டு. 2017க்குப் பிறகு உடம்பு ஒன்றுதான், பின் டிஃப் லாக் அதில் கிடையாது, ஏலத்தில் எடுத்து இங்கே நிமிர்த்திய விபத்து வண்டிகளும் அவற்றில் உண்டு. சோதிக்கப் போகும்போது லிஃப்ட்டில் ஏற்றி அடியைப் பாருங்கள்: கியர்பாக்ஸின் அடித்தட்டில் தட்டிய தழும்பு, ரேடியேட்டர் இடுக்கில் மணல், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மாவு மாதிரி தூசு. கியர் ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால், முன்னாடி இருந்தவர் "ஃபேமிலி யூஸ், மணலே பார்த்ததில்லை" என்று சத்தியம் செய்தாலும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.